இரண்டு வருட விசா, தங்க 90 நாள்: மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போகும் தாய்க்கு

நெல்லை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளை அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 61. கணவருக்கு 67, மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஊரில் தெரிந்த சில கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறார். ஒரே மகள், மருமகனோடு ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். முதல் பிரசவம், டிசம்பர் 15-ஐ டாக்டர் நாளாகக் குறித்திருக்கிறார். இதற்கு முன் இரண்டு முறை ஒழுங்காகப் போய் வந்ததால் இந்த முறை இருவருக்கும் இரண்டு வருட மல்டிபிள் ஷெங்கன் விசா கிடைத்திருக்கிறது. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய 29 ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; மல்டிபிள் என்றால் பல முறை நுழையலாம். மகளுக்கு மசக்கை அதிகமாக இருந்தபோது அந்த விசாவில் மே 15 முதல் ஜூன் 13 வரை போய் இருந்துவிட்டும் வந்தார்கள்.

இப்போது அக்டோபர் 1-ல் கிளம்பி மார்ச் கடைசியில் திரும்பலாம் என்று திட்டம். லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் போக ஆசை. ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்களாம். ‘விசா இரண்டு வருடம், அதுவரை இருக்கலாம்’ என்கிறார் டிராவல்ஸ்காரர். ‘85-வது நாள் ரயிலேறி ஜூரிக் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள், கணக்கு புதிதாக ஆரம்பிக்கும்’ என்கிறார் மருமகனின் நண்பர். ‘ஜெர்மனியில் 90, பிரான்சில் 90’ என்று இன்னொருவர். அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நாத்தனார், ‘அங்கேயே நீட்டிப்பு கேட்டு எழுதிக் கொடுங்கள்’ என்கிறார். உள்ளூர் உறவினர் ஒருவருக்கோ மே, ஜூனில் 30 நாள் போய்விட்டதால் இனி 60 நாள்தான் மிச்சம் என்று சந்தேகம். ‘நான் சட்டத்தை மீறி எதுவும் செய்ய மாட்டேன் சார். ஆனால் பச்சைக் குழந்தையையும் மகளையும் பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது?’ என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்களுக்குச் சொன்ன ஐந்து பேரும் நல்லது நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஐந்தும் தவறு. அதில் ஒரு தவறு உங்களுக்குச் சாதகமானது, அதையும் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு வார்த்தை: சட்டப்படியே, பொய் சொல்லாமல், மார்ச் கடைசி வரை நீங்கள் வெளிநாட்டில் இருக்க முடியும். மகளுக்கு நீங்கள் கட்டாயம் வேண்டிய நாட்களில் அவள் பக்கத்திலேயே இருக்கவும் முடியும். நாட்களைச் சரியாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது

பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஒட்டிய பக்கத்தைப் பாருங்கள். மேலே இரண்டு தேதிகள் இருக்கும், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று. அதற்குக் கீழே எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் ‘மல்ட்’ என்று சுருக்கமாக அச்சிட்டிருக்கும். அதன் பக்கத்தில் தங்கும் நாட்கள்: 90. டிராவல்ஸ்காரர் தேதிகளைப் பார்த்துவிட்டு அந்த 90-ஐப் பார்க்காமல் விட்டுவிட்டார். அந்த இரண்டு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதுதான் மேலே இருக்கும் தேதிகளின் பொருள். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அந்த 90 தீர்மானிக்கிறது.

90 நாள் என்றால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு கணக்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை இன்னொரு கணக்கு என்று கிடையாது. 180 நாள் நீளத்தில் ஒரு அளவுகோல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வலது நுனியைக் காலண்டரில் இன்றைய தேதியில் வையுங்கள். அளவுகோலுக்கு அடியில் வருகிற நாட்களில் எத்தனை நாள் ஷெங்கனில் இருந்தீர்கள் என்று எண்ணினால் 90-ஐத் தாண்டக் கூடாது. நாளைக்கு அளவுகோல் ஒரு நாள் நகரும். வலது பக்கம் ஒரு நாள் உள்ளே வரும், இடது பக்கம் ஒரு பழைய நாள் வெளியே போகும். போய் இறங்கும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள்.

உங்களுக்குச் சாதகம் என்று சொன்னேனே, அது இதுதான். மே 15 முதல் ஜூன் 13 வரை இருந்த அந்த 30 நாள் உங்கள் தலையில் நிரந்தரமாக ஏறி உட்கார்ந்துவிடவில்லை. டிசம்பர் 10-ம் தேதி நின்று பின்னால் 180 நாள் எண்ணினால் ஜூன் 14-ல் போய் நிற்கும். அன்றைக்கு மசக்கைக்குப் போன பயணம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் போகிறவருக்கு அந்தப் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வரும். புதிய நாட்கள் 90 ஆவதற்குள் பழையது ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் உங்களுக்கு முழு 90 நாளும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் போட்ட அக்டோபர் 1 திட்டம் ஆகாது. அன்று இறங்கினால் டிசம்பர் 29-ம் தேதி 90 முடிந்துவிடும். 15-ம் தேதி குழந்தை பிறந்தால், இரண்டு வாரத்தில் நீங்கள் பெட்டி கட்ட வேண்டும். அதற்குப் பிறகு மார்ச் 30 வரை ஷெங்கனுக்குள் காலடி வைக்க முடியாது. உதவி தேவைப்படாத அக்டோபர், நவம்பரில் இருக்கிற நாட்களைச் செலவழித்துவிட்டு, தேவைப்படும் ஜனவரியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள். பிரசவத்துக்குப் போகும் பெற்றோர் பலர் செய்வது இதைத்தான். முன்கூட்டியே போய் இருப்போம் என்ற பதற்றம் புரிகிறது. ஆனாலும் நாட்களைக் குழந்தை பிறந்த பிறகுக்காகப் பிடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஜூரிக்கும் பாரிஸும் ஏன் உதவாது

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, உண்மைதான். ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் மூன்றும் அப்படித்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஜூரிக் போனாலும் நீங்கள் அதே வீட்டுக்குள் இன்னொரு அறைக்குப் போகிறீர்கள், கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிரான்சும் அதே கணக்கு. மொத்தம் 29 நாடுகளுக்கும் சேர்த்துத்தான் 90. குரோஷியா 2023-லேயே சேர்ந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. ‘ருமேனியா போய்விட்டு வா’ என்று பழைய அனுபவத்தில் யாராவது சொன்னால் அதுவும் இப்போது செல்லாது.

ஷெங்கனுக்கு வெளியே நிஜமாகவே போனால்கூட, உதாரணமாக செர்பியாவுக்கோ துருக்கிக்கோ ஒரு நாள் போய்த் திரும்பினால், எதுவும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காது. வெளியே இருந்த நாட்கள் கணக்கில் சேராது, அவ்வளவுதான். மருமகனின் நண்பர் சொன்னது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். 2013 அக்டோபர் 18 வரை விதி வேறு மாதிரி இருந்தது: முதல் நுழைவிலிருந்து ஆறு மாதம் என்று எண்ணுவார்கள். அதில் இரண்டு 90 நாட்களை ஒட்டவைக்க வழி இருந்தது. அந்த வழியை அடைக்கத்தான் இப்போதைய நகரும் கணக்கைக் கொண்டுவந்தார்கள். விதி போய்விட்டது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நாத்தனார் சொல்வது அமெரிக்கக் கதை. அங்கே விமான நிலையத்தில் ஐ-94 என்ற பதிவில் ஒரு தேதி போடுவார்கள், பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும். ஐ-539 என்ற படிவத்தில் நீட்டிப்பும் கேட்கலாம். அங்கேயும் காலம் தாண்டினால் விளையாட்டில்லை. 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருடமும், ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடமும் உள்ளே விட மாட்டார்கள். ஷெங்கனில் சும்மா கேட்டு வாங்கும் நீட்டிப்பு கிடையாது. எதிர்பாராத நெருக்கடி, மனிதாபிமானக் காரணம், தவிர்க்க முடியாத தீவிரமான சொந்தக் காரணம் ஆகியவற்றுக்கு மட்டும்தான். பிரசவம் நாள் குறித்து நடக்கிற விஷயம். அதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கே உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் விமானத்தில் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் அது வேறு. மகளுக்கோ குழந்தைக்கோ பெரிய சிக்கல் வந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் 90 முடிவதற்கு முன்பே அந்த நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில், ‘ஆவ்ஸ்லெண்டர்பெஹோர்டே’ என்பார்கள், மருத்துவச் சான்றோடு மனு கொடுத்தாக வேண்டும். முடிந்த பிறகு போனால் நீங்கள் ஏற்கெனவே விதி மீறியவர்.

‘பத்து நாள் கூடினால் என்ன?’

இதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் ஓரிடத்தில், ‘ஒரு வாரம் பத்து நாள் முன்னே பின்னே ஆனால் பெரிதாகக் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

முன்பெல்லாம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைகளைத் தேடி எண்ணுவார். மை மங்கியிருக்கும், பக்கம் மாறியிருக்கும். அப்படித் தப்பியவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். முகப்படமும் கைரேகையும் சேர்த்து அடையாளம் காண்கிறது. நாட்களை அதுவே எண்ணுகிறது. பத்து நாள் வேண்டாம், ஒரு நாள் கூடினாலே திரையில் தெரியும்.

கூடினால் அபராதம் வரலாம், விசாவை ரத்து செய்யலாம், சில வருடம் நுழையத் தடை போடலாம். அந்தத் தடை ஜெர்மனிக்கு மட்டும் என்று நிற்காது, 29 நாடுகளுக்கும் போகும். உங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஆணையம் ஒரு சலுகை கொடுத்தது. மூன்று வருடத்தில் இரண்டு விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருட விசா, அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது ஐந்து வருடம். நீங்கள் முதல் படியில் ஏறிவிட்டீர்கள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அதற்கேற்ற ஆயுள் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள், பள்ளிக்கூடம் சேரும் நாள் எல்லாவற்றுக்கும் நினைத்த நேரத்தில் டிக்கெட் போடலாம். பத்து நாளுக்காக அதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள் அம்மா.

நான் போடும் கணக்கு

டிசம்பர் 15-க்கு மூன்று வாரம் முன்னால், நவம்பர் 24-ல், மகளுக்கு 37 வாரம் நிறைகிறது. அதனால் நவம்பர் 25-ல் ஸ்டுட்கார்ட்டில் இறங்குங்கள். சென்னையில் ஏறும் தேதி கணக்கில்லை, ஷெங்கனில் குடியேற்றச் சோதனையைத் தாண்டும் தேதிதான் கணக்கு. ராத்திரி விமானம் என்றால் இதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரி 12 வரை இருங்கள். அது 80 நாள். குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருக்கும். அன்று லண்டன் போய்விடுங்கள். தம்பி வீட்டில் ஐந்து வாரம். அங்கே இருக்கும் நாட்கள் ஷெங்கன் கணக்கில் வராது. மார்ச் 21-ல் மறுபடி ஸ்டுட்கார்ட் வந்து, குழந்தையை ஒரு வாரம் கொஞ்சிவிட்டு, 27-ல் ஊருக்குக் கிளம்புங்கள். மொத்தம் 87 நாள். மூன்று நாள் கையிருப்பு. பனியில் விமானம் ரத்தானாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனசு கேட்காமல் ஒரு நாள் தள்ளினாலோ அது உதவும். மகளுக்கு வலி முன்னாலேயே கண்டுவிட்டால், விசாதான் கையில் இருக்கிறதே, அன்றைக்கே டிக்கெட் போட்டுக் கிளம்பலாம். பிறகு பிப்ரவரித் தேதியை அதற்கேற்ப முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனுக்கு பிரிட்டன் விசா தனியாக வேண்டும். நவம்பருக்கு முன்பே இங்கிருந்தே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பார்வையாளர் விசாவில் அங்கே ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம். ஆனால் அடுத்தடுத்து வந்து பிரிட்டனையே வீடாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் ஷெங்கன் விசா மல்டிபிள் என்பதால்தான் இந்த லண்டன் யோசனையையே சொல்கிறேன். ஒரு முறை மட்டும் நுழையும் விசா வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நடுவில் லண்டன் போனால், திரும்ப ஜெர்மனிக்குள் வர முடியாது.

சம்பந்தி வீட்டாரோடு பேசினீர்களா? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒவ்வொருவருக்கும் 90 நாள் தனித்தனி. நீங்கள் பிப்ரவரி 12-ல் கிளம்பும்போது மருமகனின் அம்மா அப்பா 10-ம் தேதியே வந்து இறங்கினால், மே 10 வரை வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். பல குடும்பங்கள் இப்படித்தான் ஒருவர் மாற்றி ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்கின்றன. ‘என் பெண்ணுக்கு நான்தான் செய்ய வேண்டும்’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பேரக்குழந்தை அவர்களுக்கும் பேரக்குழந்தைதானே. விசாவுக்கு நேரம் எடுக்கும், அதனால் இந்தப் பேச்சை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இல்லாத நாட்களில் மகள் தனியாகத் தவிக்க மாட்டாள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் சட்டப்படி ஓய்வு. குழந்தை பிறந்த பிறகு மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார், ‘ஹெபாமே’ என்பார்கள். பொதுக் காப்பீடு அந்தச் செலவை ஏற்கிறது. பெரிய நகரங்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். மருமகனும் குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம். நீங்கள் கிளம்பும் பிப்ரவரியில் அவர் அதை எடுத்தால் இன்னும் நல்லது.

90 நாளுக்கு மேல் இருக்கவே வழியில்லையா?

இருக்கிறது, ஆனால் அது சுற்றுலா விசா இல்லை, குடியிருப்பு அனுமதி. வேலைக்குப் போன வெளிநாட்டவர் தங்கள் பெற்றோரை வரவழைத்து வைத்துக்கொள்ள 2024 மார்ச் 1 முதல் ஜெர்மனி ஒரு புதிய வழி திறந்தது. ஆனால் அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முதல் முறையாக ப்ளூ கார்டு போன்ற, வேலைக்கான குடியிருப்பு அனுமதி பெற்றவர்களின் பெற்றோருக்குத்தான் அது. உங்கள் மகளும் மருமகனும் 2021-லேயே வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குப் பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்கும் பெரிய தடை மருத்துவக் காப்பீடு. அறுபது வயதுக்கு மேல், சர்க்கரையும் இருக்கிற ஒருவருக்கு அங்கே முழுக் காப்பீடு எடுப்பது மிகக் கடினம். ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை என்று போய் வருவதுதான் உங்கள் வாழ்க்கைக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஊரில் உங்கள் வீடு, தோட்டம், பென்ஷன், சிநேகிதிகள் எல்லாம் இருக்கிறார்கள்.

உங்கள் கணவரின் வேலை, வரி, பென்ஷன்

ஜி.எஸ்.டி. வேலையை லேப்டாப்பில் எங்கிருந்தும் செய்யலாமே என்கிறார் அவர். கடைகள் இந்தியாவில், பணமும் இந்தியாவில் என்பது அவர் வாதம். ஆனால் ஆள் உட்கார்ந்து வேலை செய்வது ஜெர்மனியில். அவர் கையில் இருக்கும் விசா சம்பாதிக்கும் வேலைக்கானது அல்ல. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் பார்வையாளர்கள் தங்கள் ஊர் வேலையைத் தூரத்திலிருந்து ஓரளவு பார்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஜெர்மனியை அப்படி எண்ணிக்கொள்ளாதீர்கள். மாதா மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கழுத்தைப் பிடிக்கும் வேலை அது. நான்கு மாதத்துக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வரச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் வெளியே இருந்தால் என்.ஆர்.ஐ. ஆகிவிடுவோம், வரி குறையும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக மாட்டீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, மே ஜூன் பயணம் போக, 182 நாளுக்கு மேல் இங்கேதான் இருந்திருப்பீர்கள். அதுவே போதும். அது குறைந்திருந்தாலும்கூட, அந்த நிதியாண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இந்தியாவில் இருந்தவர் இங்கே வசிப்பவர்தான். வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு அந்த 60-ல் தளர்வு உண்டு, மகளைப் பார்க்கப் போகிறவருக்கு இல்லை. பென்ஷன் நேர்காணல் எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத மாதத்தில் வந்தால், வாழ்நாள் சான்றை இந்தியத் தூதரகங்களிலும் வாங்கி அனுப்பலாம்.

பெட்டியில் என்ன போகும், என்ன போகாது

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. உங்கள் விசா மல்டிபிள் என்பதால் முதல் பயணத்துக்கு எடுத்த காப்பீடு எப்போதோ முடிந்திருக்கும். புதிதாக எடுங்கள். பிரிட்டனும் அதில் அடங்க வேண்டும், பழைய நோய்களுக்கு என்ன கிடைக்கும் என்ற வரியையும் படியுங்கள். இங்கே பிரீமியம் மிச்சம் பிடிக்காதீர்கள். லண்டனில் வெளிநாட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அரசு ஆஸ்பத்திரியும் பில் போடும், அதுவும் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. கணவரின் மாத்திரைகளை, டாக்டர் சீட்டோடு, மூன்று மாதத்துக்குச் சொந்த உபயோகத்துக்கு ஜெர்மனிக்குள் கொண்டுபோகலாம். லண்டனில் இருக்கும் நாட்களுக்கும் சேர்த்து எத்தனை வேண்டும் என்று டாக்டரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரசவ லேகியம் கிண்டி எடுத்துப் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது மனசு நெகிழ்ந்தது, ஆனால் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுவரக் கூடாது. நெய் அதில் அடங்கும். நெய்யில் கிண்டிய லேகியத்தைப் பெட்டியில் வைத்தால் சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அபராதமும் வரலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் காயவைத்துப் பொடித்து எடுத்துப் போங்கள். அங்கே கிடைக்கும் வெண்ணெயை உருக்கி அங்கேயே கிண்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ‘ஏர்போர்ட்டில் பிரசவத்துக்கு வந்தேன் என்று சொல்லக் கூடாதாமே, சுற்றிப் பார்க்க வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டுமாமே?’ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். மகளுக்குப் பிரசவம், கூட இருந்துவிட்டுத் திரும்புகிறேன் என்பது குடும்பத்தைப் பார்க்க வருவதுதான், இந்த விசாவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பொய் சொல்லி, அடுத்த கேள்வியில் மாட்டுவதுதான் ஆபத்து. மகளின் அழைப்புக் கடிதம், அவர்கள் வீட்டு முகவரி, காப்பீடு, மார்ச் 27 திரும்பும் டிக்கெட், பிப்ரவரி 12 லண்டன் டிக்கெட் எல்லாவற்றையும் அச்செடுத்து, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் மருமகனை ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் நாள் கணக்கியைத் திறக்கச் சொல்லி, மே, ஜூன் தேதிகளையும் சேர்த்துப் போட்டு, நான் சொன்ன 87 வருகிறதா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேதிகளில் ஏதாவது மாற்றினால் அதையும் போட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.